கவர்ந்தவன் காதலன் ஆகும் கதை

அட்டையில் ஓர் ஆடவன் நிற்கிறான். பின்னே பனிமலை, பக்கத்தே பாய் விரித்த கப்பல், அதன் முகப்பில் வாய் பிளந்த பாம்பின் தலை. எலும்பைத் துளைக்கும் குளிர் வீசும் வடநாடு அது. எனினும் அந்த ஆடவனுக்கு மேலாடை இல்லை! கையிலே கோடரி உண்டு, தோளிலே ஓநாய்த் தோல் உண்டு, மார்பை மறைக்க முழத்துணி இல்லை. வடகடற் குளிர் படிப்பவரை நடுக்கினாலும் கதைத்தலைவனை நெருங்க அஞ்சும் போலும்!

அட்டையைப் புரட்டினால் கடற்கரையில் ஒரு கோட்டை எரிகிறது. கோட்டைத் தலைவன் வீழ்கிறான். அவன் மகள் வாளெடுத்துப் போரிட்டுப் பிடிபடுகிறாள். கைகள் பிணிக்கப்பட்டுக் கப்பலில் ஏற்றப்படுகிறாள். அவளை ஏற்றியவன் எவனோ, அவனே கதைத்தலைவன். "நீ என் அடிமை" என்கிறான் அவன். "நீ ஒரு விலங்கு" என்கிறாள் அவள். முந்நூறு பக்கங்கள் கடந்ததும், "நீ என் உயிர்" என்கிறான் அவன். "நீயே என் இல்லம்" என்கிறாள் அவள். கோட்டைக்குத் தீ வைத்த கை தொட்டிலை ஆட்டுகிறது. திரை விழுகிறது.

ஆங்கிலப் புத்தக வாணிகத்தில் இது இன்று தனியொரு வகை. 'இருண்ட காதல்' என்று பெயரிட்டு, அதிலும் வைக்கிங் கொள்ளையரைத் தலைவராகக் கொண்ட வரலாற்றுப் புதினங்களை வரிசை வரிசையாக வெளியிடுகின்றனர். அச்சிலும் வருகின்றன, கைப்பேசித் திரையிலும் வருகின்றன. பல நூல்களின் முதற்பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கும்: கடத்தல் உண்டு, அடிமைத்தளை உண்டு, வன்புணர்ச்சி உண்டு, கொலை உண்டு என்று. மருந்துப் புட்டியிலே 'நஞ்சு' என்று எழுதி ஒட்டுவது தொடாதிருப்பதற்காக. இங்கே ஒட்டப்படும் சீட்டோ, சிலரை விலக்குகிறது, பலரை அழைக்கிறது.

"குப்பை" என்று ஒரே சொல்லில் ஒதுக்குவார் உளர். "பொழுதுபோக்குக் கதைக்கு ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்பாரும் உளர். முன்னவர் படிக்காமலே பழிப்பவர். பின்னவர் படித்துவிட்டு மறைப்பவர். இரு சாராரோடும் நாம் சேர்வதற்கில்லை. ஆடவர் எழுதி ஆடவரே படிக்கும் கதையானால், காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அடக்கி ஆள்பவனின் பகற்கனவு என்று கூறி முடித்துவிடலாம். இவற்றை எழுதுவோரோ பெரும்பாலும் பெண்கள். படிப்போரும் பெரும்பாலும் பெண்களே. தன்னைக் கட்டி இழுத்துச் செல்பவனைக் காதலிக்கும் கதையை, கட்டுண்டு வாழ விரும்பாத பெண்ணொருத்தி, தன் உழைப்பில் ஈட்டிய காசைக் கொடுத்து, ஓய்வு நேரத்தில், விருப்பத்தோடு படிக்கிறாள். ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்காத திறனாய்வு, திறனும் அன்று, ஆய்வும் அன்று.

கதையின் கால்வழியை முதலில் பார்ப்போம். 1919-இல் ஈ. எம். ஹல் என்னும் ஆங்கிலப் பெண்மணி 'தி ஷேக்' என்ற புதினத்தை வெளியிட்டார். பாலைவனத் தலைவன் ஒருவன் ஆங்கில நங்கை ஒருத்தியைக் கவர்ந்து சென்று கூடாரத்தில் அடைக்கிறான், வன்முறைக்கு ஆளாக்குகிறான், முடிவில் அவள் அவனையே விரும்புகிறாள். 1921-இல் ருடால்ப் வாலன்டினோ நடிக்க அது படமாகவும் வந்து இரு கண்டங்களைக் கிறங்க வைத்தது. ஆனால் கதை முடியும் முன்னே ஆசிரியர் ஓர் உண்மையை வெளியிடுகிறார்: அந்த அராபியன் அராபியனே அல்லன், ஆங்கிலப் பிரபுவுக்கும் ஸ்பானியப் பெண்ணுக்கும் பிறந்தவன்! கவர்ந்தது குற்றமில்லை, கட்டியது குற்றமில்லை, நிறம் மட்டும் ஒத்துவர வேண்டும். அப்போதுதான் திருமணம் இனிக்கும். அக்கால ஆங்கில மனத்தின் அளவு அவ்வளவு.

இதனை நினைவிற்கொண்டால், பாலைவனத் தலைவன் இருந்த இடத்துக்கு வைக்கிங் எப்படி வந்தான் என்பது விளங்கும். அவனுக்கு இறுதி அத்தியாயத்தில் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. பொன்முடி, நீலக்கண், வெண்ணிறம், ஆனாலும் அயலான். ஐரோப்பியன், ஆனாலும் கிறித்தவன் அல்லன். கோயிலைக் கொள்ளையிடும் கொடியோனாகவும் இருக்கலாம்; மறுநாள் மாப்பிள்ளையாகவும் ஆகலாம். அச்சமூட்டும் அளவுக்குத் தொலைவு, அணைத்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம்! இவ்வளவு வசதியான காட்டுமிராண்டி வேறெங்கே கிடைப்பான்?

அந்தக் காட்டுமிராண்டியும் பாதிக்குமேல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைப்பே. கொம்பு முளைத்த தலைக்கவசம் 1876-இல் வாக்னரின் இசை நாடகத்துக்காக டோப்ளர் என்னும் ஓவியர் வரைந்த உடையலங்காரத்தால் பரவியது. நார்வேயின் யெர்முண்ட்பூ என்ற இடத்தில் 1943-இல் கிடைத்த உண்மையான வைக்கிங் காலக் கவசத்தில் கொம்பும் இல்லை, சிறகும் இல்லை. 'வைக்கிங்' என்பதும் ஓர் இனத்தின் பெயரன்று. கடல்மேல் கொள்ளைக்குப் போகும் தொழிலைக் குறித்த சொல். அவ்வட நாட்டாருள் பெரும்பாலோர் உழுதவர், மீன் பிடித்தவர், ஆடு மேய்த்தவர். ஆடு மேய்க்கும் வைக்கிங்கை அட்டையில் போட்டால் விற்காது என்பதைப் பதிப்பாளர் நன்கு அறிவர்.

1972-இல் கேத்லீன் உட்விஸ் எழுதிய 'தி பிளேம் அண்டு தி பிளவர்' என்ற புதினம் அமெரிக்காவில் வெளிவந்தது. தொடக்கத்திலேயே தலைவியைப் பலவந்தம் செய்பவன், பிறகு அவளுக்குக் கணவனாகிக் காதலனும் ஆகிறான். இலட்சக்கணக்கில் விற்றது. அந்த வெற்றி வாசலைத் திறந்துவிட, 1980-இல் ஜொகானா லிண்ட்சியின் 'பயர்ஸ் ஆப் வின்டர்' வந்தது. பிரென்னா என்னும் கெல்டிய உயர்குடி நங்கையை வைக்கிங் தலைவன் ஒருவன் சிறைபிடித்துத் தன் மகன் காரிக்குக்குக் கொடையாக அளிக்கிறான். அவள் பணிய மறுக்கிறாள். அவன் வணங்க மறுக்கிறான். இறுதியில் இருவரும் மணக்கின்றனர். இன்றைய இருண்ட வைக்கிங் கதைகளுக்கெல்லாம் இந்நூலைத் தாய் எனலாம்.

இந்தத் தாய் நூலுக்கு 1987-இல் ஒரு சேய் நூலும் பிறந்தது. 'ஹார்ட்ஸ் அப்லேம்' என்பது அதன் பெயர். பிரென்னாவின் மகள் கிறிஸ்டன், கொள்ளைக்குச் சென்ற கப்பலில் தானும் செல்கிறாள். இங்கிலாந்தில் சாக்சன் பிரபு ஒருவனிடம் சிறைப்படுகிறாள். எவ்வளவு பெரிய வாய்ப்பு! கவர்ந்தவனின் மகளே கவரப்படுகிறாள். தன் தாய் ஒருநாள் பூண்டிருந்த விலங்கு தன் காலில் ஏறும்போது அவள் தந்தையைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்? தாயின் திருமணத்தைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்? பெரும் எழுத்தாளர் ஒருவர் கையில் அந்த இடம் கிடைத்திருந்தால் நூறு பக்கம் நம்மை உறங்கவிடாமல் செய்திருப்பார். இங்கோ விலங்கு பூட்டிய பிரபு காதலனாகிறான், விலங்கு கழல்கிறது, வினா எழவே இல்லை.

இனி, கவர்ச்சிக்குக் காரணம் என்ன? நாம் கருதுவதைக் கூறுகிறோம்.

ஒரு பெண் 'எனக்கு இவன்மேல் ஆசை' என்று வாய்திறந்து சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்பதை எந்த நாட்டுப் பெண்ணுக்கும் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆசைப்படுவது ஆடவனுக்கு இயல்பு, பெண்ணுக்கு இழுக்கு என்று காலங்காலமாகச் சொல்லி வைத்திருக்கின்றனர். அப்படிப் பழக்கப்பட்ட மனத்துக்கு, கவர்ந்து செல்பவன் ஒரு வழியைத் திறந்து காட்டுகிறான். அவள் விரும்பிச் செல்லவில்லை, இழுத்துச் செல்லப்பட்டாள். அவள் நாடவில்லை, அவனே நாடினான். ஆகவே பழி அவளுக்கில்லை. இன்பம் மட்டும் அவளுக்குண்டு. கையைக் கட்டிய கயிறே குற்றவுணர்விலிருந்து கட்டவிழ்க்கும் கருவியாகிறது. இக்கதைகள் பெண்ணின் அடிமைப் புத்தியைக் காட்டுகின்றன என்று கூறுவோர் பாதியைத்தான் கண்டனர். ஆசைப்படும் உரிமை மறுக்கப்பட்டவள், அதை அடைய எவ்வளவு தொலைவு சுற்றிச் செல்ல வேண்டியிருக்கிறது என்பதையும் இவை காட்டுகின்றன. வடகடல் வரை சுற்ற வேண்டியிருக்கிறது!

மற்றொன்றும் உண்டு. படிப்பவளுக்கு முடிவு முன்பே தெரியும். இவ்வகைப் புதினத்தில் இன்பமுடிவு என்பது எழுதாச் சட்டம். தெருவிலே பின்தொடரும் காலடி ஓசைக்கு முடிவு என்னவென்று எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. புத்தகத்தில் வரும் கோடரிக்காரனின் முடிவோ அவள் கையிலேயே இருக்கிறது. அவன் மண்டியிடுவான், மன்னிப்புக் கேட்பான், வேண்டாமென்றால் புத்தகத்தை மூடிவிடலாம். அச்சத்தைக் கூண்டிலடைத்து அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அது. 1992-இல் ஜேன் ஆன் கிரென்ட்ஸ் தொகுத்த கட்டுரை நூலில் காதற்புதின ஆசிரியர்களே தம் பக்கத்து வழக்கை எடுத்துரைத்தனர். தலைவனே இக்கதைகளில் வில்லனும் ஆவான், அவனை வெல்பவள் தலைவியே என்பது அவர் வாதத்தின் சாரம். அதில் உண்மை இல்லையென்று நாம் கூறமாட்டோம். பணிய வைப்பவனைப் பணிய வைக்கும் கதை இது. உலகில் கிடைக்காத வெற்றி ஏட்டிலாவது கிடைக்கட்டும் என்று ஒருத்தி எண்ணினால், அவளைப் பார்த்து நகைக்க நமக்கு என்ன உரிமை?

ஆயினும் இடறும் இடம் ஒன்றுண்டு. ஜானிஸ் ராட்வே என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஊர் ஒன்றில் காதற்புதினம் படிக்கும் பெண்கள் பலரைக் கண்டு பேசி, 1984-இல் ஒரு நூல் வெளியிட்டார். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் நாள் முழுதும் உழைத்தபின் தமக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் நேரமே இந்தப் படிப்பு என்று அப்பெண்கள் கூறினர். கொடுமை மிகுந்த தலைவர்களை அவர்கள் விரும்பவும் இல்லை. இவ்வளவும் அவர்களுக்குப் பெருமை. ஆனால் ராட்வே மற்றொன்றையும் கண்டார்: தலைவனின் கடுமொழியையும் புறக்கணிப்பையும் 'உள்ளே காதல் இருந்ததால்தான் அப்படி நடந்தான்' என்று இறுதிப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்துப் பொருள்கொள்ளக் கதை கற்றுக்கொடுக்கிறது. அதுதான் நஞ்சு. கோடரியும் குருதியும் அன்று. அவை வெறும் வண்ணம். அடித்தவன் முகத்தில் அன்பைத் தேடு, பொறுத்திரு, கிடைக்கும் என்ற பாடம் வண்ணத்தோடு வண்ணமாகக் கலந்து உள்ளே இறங்குகிறது. புத்தகத்துக்கு இறுதிப் பக்கம் உண்டு. வீட்டில் அடிபடும் மனைவிக்கு அப்படியொரு பக்கத்தை எந்தப் பதிப்பாளரும் உறுதியளிக்கவில்லை.

வரலாற்றுப் புதினம் என்கிறார்களே, வரலாறு என்ன சொல்கிறது? 821-இல் டப்ளின் அருகே ஹௌத் என்னும் இடத்தைக் கொள்ளையிட்ட புறச்சமயத்தார், பெண்கள் பெருந்தொகையினரைச் சிறைபிடித்துச் சென்றனர் என்று அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு பதிந்து வைத்திருக்கிறது. சென்றவர் பெயர் ஒன்றுகூட இல்லை. டப்ளினே 841-இல் வைக்கிங் கப்பல் தளமாகத் தோன்றி, பின்னர் அடிமைச் சந்தையாக வளர்ந்த ஊர். வெள்ளிக்கு மனிதரை விற்கும் வாணிகம் அங்கிருந்து கிழக்கே வோல்கா ஆறு வரை நீண்டிருந்தது.

அந்த வோல்காக் கரையில் 922-இல் நின்றவர் இப்னு பட்லான். பாக்தாதின் கலீபா அனுப்பிய தூதுக்குழுவில் வந்தவர். ரூஸ் எனப்பட்ட வடநாட்டு வாணிகரைக் கண்டார், அவர் தலைவன் ஒருவனின் ஈமச்சடங்கையும் கண்டார், கண்டதை எழுதினார். தலைவனோடு சாவதற்கு அவன் அடிமைப் பெண்களுள் ஒருத்தி முன்வந்தாள் என்கிறார். அவளுக்கு மதுவைக் கொடுத்தனர். தலைவனின் தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக அவளைக் கூடினர். பின்பு கொன்றனர். கொல்லும்போது வெளியே நின்ற ஆடவர் கேடயங்களைத் தடிகளால் தட்டி ஓசை எழுப்பினராம். எதற்கு? அவள் அலறல் மற்ற அடிமைப் பெண்களின் காதில் விழுந்தால் அவர்கள் அஞ்சுவார்கள். பிறகொருநாள் சாக முன்வரமாட்டார்கள் என்பதற்காக!

இருண்ட வைக்கிங் புதினங்களைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு அந்தக் கேடய ஓசை நினைவுக்கு வருகிறது. அலறல் கேட்காதிருக்க எழுப்பப்படும் இனிய ஓசை என்று சொன்னால் இப்புத்தகங்களை எழுதும் பெண்களுக்கு மனம் வருந்தலாம். ஆயினும் சொல்லாதிருக்க இயலவில்லை.

'அக்காலத்தை அப்படியே எழுதினால் கதை ஏது, காதல் ஏது?' என்று கேட்கலாம். கதை உண்டு. வைக்கிங்கரின் வழித்தோன்றல்களே எழுதி வைத்திருக்கின்றனர். ஐஸ்லாந்து மக்கள் தம் முன்னோர் வரலாறுகளைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் உரைநடைக் காவியங்களாக எழுதினர். சாகா என்பது அவற்றின் பெயர். அவற்றுள் ஒன்றான லாக்ஸ்டேலா சாகாவில், ஹோஸ்குல்டு என்னும் செல்வன் பிரென்னெயார் தீவுகளில் கூடிய சந்தைக்குச் செல்கிறான். கில்லி என்னும் வாணிகனின் கூடாரத்தில் ஒரு திரை தொங்குகிறது. திரையை விலக்கினால் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். கடைசியில், கூடாரத்தின் ஓரமாக, எளிய உடையில் ஒருத்தி. மற்றவர்க்கு விலை ஒரு மார்க் வெள்ளி. இவளுக்கு மூன்று மார்க். "ஆனால் ஒரு குறை உண்டு, இவள் ஊமை" என்கிறான் வாணிகன். ஹோஸ்குல்டு அவளை வாங்குகிறான். அன்றிரவே அவளோடு படுக்கிறான். ஊரில் அவனுக்கு மனைவி இருக்கிறாள்.

ஆண்டுகள் செல்கின்றன. அவளுக்கு ஒரு மகன் பிறக்கிறான். ஒருநாள் காலை ஹோஸ்குல்டு வெளியே உலவும்போது ஓடைக்கரையில் பேச்சுக்குரல் கேட்கிறது. அருகே சென்று பார்த்தால் ஊமைப் பெண் தன் மகனோடு பேசிக்கொண்டிருக்கிறாள்! அவள் பெயர் மெல்கோர்க்கா. அயர்லாந்து மன்னன் ஒருவனின் மகள். பதினைந்து வயதில் கவரப்பட்டவள். அன்றுவரை, வாங்கியவனுக்குத் தன் உடல் மறுக்க முடியாததாயிற்று. தன் சொல்லை அவள் மறுத்துவிட்டாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல், அவனுக்கு அளிக்கவில்லை. பின்னொரு நாள் ஹோஸ்குல்டின் மனைவி அவளைக் காலுறையால் தலையில் அடிக்கிறாள். அடிமையாக வந்தவள் திருப்பி முகத்தில் குத்துகிறாள், மூக்கிலிருந்து குருதி வருகிறது. தனி வீடு கிடைக்கிறது. மகன் வளர்ந்து அயர்லாந்து சென்று பாட்டனைக் காண்கிறான். இத்தனையிலும், மெல்கோர்க்கா ஹோஸ்குல்டைக் காதலித்தாள் என்று சாகா ஓரிடத்திலும் கூறவில்லை. எழுதியவர் யாரென்று தெரியாது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவருக்கு இருந்த நேர்மை வியப்பூட்டுகிறது.

இன்றைய புதினத் தலைவி முதல் நாளே பேசத் தொடங்குகிறாள். வசைபாடுகிறாள், சூளுரைக்கிறாள், வாதாடுகிறாள். அத்தனைப் பேச்சும் அவனை நோக்கியே. மெல்கோர்க்காவின் மௌனத்தில் இருந்த மறுப்பு அந்தப் பேச்சில் இல்லை.

எனினும் சாகாவையும் முழுதும் புகழ்ந்துவிட நாம் ஒருப்படவில்லை. அவள் கதை ஏன் எழுதப்பட்டது? மன்னன் மகள் என்பதால். அவள் வழிவந்தோர் பெருங்குடியினர் ஆனதால். புதினத் தலைவியைப் பாருங்கள்: அவளும் தப்பாமல் கோட்டைத் தலைவன் மகள், குறைந்தது குறுநிலப் பிரபுவின் மகள். அவளை அடிமையாக்கியது அநீதி என்று கதை சொல்கிறது. அடிமையாக்குவதே அநீதி என்று சொல்கிறதா? இல்லை! அதே வீட்டில் மாவரைக்கும் அடிமை அரைத்துக்கொண்டே இருக்கிறாள். பன்றிக்குத் தீனியிடும் அடிமை இட்டுக்கொண்டே இருக்கிறான். தலைவி அந்த வீட்டுக்கு எசமானி ஆகும் நாளில் அவர்களும் விருந்தில் பரிமாறுகின்றனர். பிறப்பால் உயர்ந்தவள் தவறான இடத்தில் வைக்கப்பட்டாள், பிறகு சரியான இடத்தில் வைக்கப்பட்டாள், கதை அவ்வளவே. படிப்பவளும் மாவரைப்பவளாகத் தன்னைக் கற்பனை செய்வதில்லை. கூட்டத்தில் தான் ஒருத்தி தனித்துத் தெரிவோம், மூன்று மார்க் தனக்குக் கிடைக்கும் என்ற எண்ணமே அவளை ஈர்க்கிறது. விலையை எதிர்க்காமல், உயர்ந்த விலையை விரும்பச் செய்வது இப்புத்தகங்களின் திறமை.

ஐஸ்லாந்து மக்களின் மரபணுக்களை ஆராய்ந்தோர் 2001-ஆம் ஆண்டளவில் வெளியிட்ட முடிவு ஒன்று இங்கே கருதத்தக்கது. ஆண்வழியில் குடியேறியோருள் நூற்றுக்கு 75 பங்கிற்குமேல் ஸ்காண்டிநேவிய நாட்டார். பெண்வழியிலோ நூற்றுக்கு 60 பங்கிற்குமேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதியினர். எல்லோரும் விலங்கோடு வந்தவரென்று கூறுவதற்கில்லை. மனைவியராக வந்தோரும் இருந்திருப்பர். ஆனால் பெருந்தொகையினர் எப்படி வந்தனர் என்பதை ஹௌத் கடற்கரை சொல்லும். ஒரு நாட்டின் தாய்மாரில் பாதிக்குமேல் வேற்று மொழி பேசியவர்கள்! அவர்கள் குழந்தைக்கு எந்த மொழியில் தாலாட்டுப் பாடினர்? ஓடைக்கரையில் யாரும் இல்லாத நேரத்தில் என்ன பேசினர்? இருளை எழுத விரும்பும் புதின ஆசிரியருக்கு, முந்நூறு பக்கம் அல்ல, மூவாயிரம் பக்கம் எழுத இங்கே இருள் இருக்கிறது.

அப்படி எழுத முனைபவர் கில்லியின் கூடாரத்துக்குத்தான் மீண்டும் செல்லவேண்டும். ஹோஸ்குல்டு இடுப்பிலிருந்த பணப்பையை அவிழ்த்தான். தராசு கொண்டு வந்தனர். வெள்ளி மூன்று மார்க் நின்றது. வாங்கியவளோடு அவன் வெளியேற, சாகாவும் அவன் பின்னே சென்றுவிட்டது. திரைக்குப் பின்னால் பதினொரு பெண்கள் இன்னும் அமர்ந்திருக்கின்றனர்.